உடையார் என்னும் பட்டம்

பெருவிழாவுக்குக் கொடியேறிய நாள் தொட்டுக் காலையும் மாலையும் திருக்கோயிலை வலம் வந்துகொண்டிருக்கிறோம். அவ்வாறு வலம் வருங்கால் கருவறையின் புறச்சுவரிலும் அதனைத் தாங்கும் அதிட்டானத்திலும் வரிவரியாகச் செல்லும் கல்லெழுத்துகள் நம் தோளை உரசி நிற்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் படிந்து அவற்றிற் பல மறைந்தன. எனினும், சோழநாட்டுப் பழங்கோயில் ஒன்றில் சற்றே நின்று எழுத்துக்கூட்டிப் பார்ப்போமாயின், ஒரு சொல் மீண்டும் மீண்டும் கண்ணிற்படும். 'உடையார்' என்பதே அச்சொல். எளிய சொல், நாள்தோறும் நம் நாவில் வழங்கும் சொல். ஆயின் அது பட்டமாகி, அரசரைச் சேர்ந்து, ஊர்த் தலைவரைச் சேர்ந்து, இறைவனையும் சேர்ந்து நின்ற வரலாறு எளியதன்று. அதனையே ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம்.

தஞ்சைப் பெருங்கோயிலிலிருந்து தொடங்குவோம். முதலாம் இராசராசன் (ஆட்சிக்காலம் 985 முதல் 1014 வரை) தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் திருவிமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் அளித்தான். அடுத்த ஆண்டின் 20ஆம் நாளில், தான் கொடுத்தவற்றையும், தமக்கையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் விமானத்திலே கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். அவ்வாணையின்படி எழுந்த கல்வெட்டுகளில் அரசன் பெயர் 'உடையார் ஸ்ரீராசராசதேவர்' என்று வருகிறது. அவன் யாருக்குக் கொடுத்தானோ அப்பெருமானின் பெயரோ 'உடையார் ஸ்ரீராசராசீசுவரமுடையார்' என்று வருகிறது. ஒரே கல்லில், ஒரே தொடரில், கொடுப்பவரும் உடையார், கொள்பவரும் உடையார். பொன்னும் மணியும் திருமேனிகளும் ஊர்களும் ஓர் உடையாரிடமிருந்து மற்றோர் உடையாரிடம் செல்கின்றன. அங்ஙனமாயின், கொடுக்கப்பட்ட பொருள் முன்பு யாருடையது? அரசனுடையதாயின் இறைவனை உடையார் என்பது முகமனாகிவிடும். இறைவனுடையதாயின் அரசன் கொடுத்தது என்ன?

இவ்வினா கல்வெட்டை வெட்டிய சிற்பிக்கு எழுந்ததோ இல்லையோ, தமிழ் இலக்கணத்தாருக்கு இதற்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. கிழமை என்பது உரிமை. அது தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும். சாத்தனது கை என்பது தற்கிழமை. சாத்தனையும் அவன் கையையும் வேறு பிரித்தல் இயலாது. சாத்தனது வீடு என்பது பிறிதின்கிழமை. இன்று சாத்தனுடையது, நாளை கொற்றனுடையதாகலாம். 'உடைய' என்ற ஒரே சொல்லுருபுதான் இரண்டிடத்தும் வருகிறது. ஒலியிலே வேறுபாடு இல்லை. பொருளிலேதான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

இடையே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. திருக்குறளில் அன்புடைமை தொடங்கி நாணுடைமை ஈறாக, உடைமை என்று முடியும் பெயர்கொண்ட அதிகாரங்கள் பத்து உள்ளன. அடக்கம், ஒழுக்கம், பொறை, அருள், அறிவு, ஊக்கம், ஆள்வினை, பண்பு என்பனவே எஞ்சிய எட்டின் பொருள்கள். நிலமுடைமை, பொன்னுடைமை என்று அங்கே ஓரதிகாரமும் இல்லை. பொருளைப் பற்றிப் பேச வந்தவிடத்துத் திருவள்ளுவர் 'பொருள் செயல்வகை' என்றே பெயரிட்டார். உடைமை என்ற சொல்லைத் தற்கிழமைக்கென்றே அவர் போற்றி வைத்தார் போலும்.

நிற்க. கிழமை உடையவர் கிழார். சங்கப் புலவர் பெயர்களில் ஊர்ப்பெயரை அடுத்து நிற்கும் கிழார் என்பதும், சோழர் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயரை அடுத்து நிற்கும் கிழான், உடையான் என்பனவும் ஏறத்தாழ ஒரு பொருளனவே. ஓர் ஊரில் நிலவுரிமையும் அதனாலாகிய மதிப்பும் உடையவன் என்பது கருத்து. இத்தகைய பெயர்களையெல்லாம் திரட்டி, சுப்பராயலு அவர்களும் சப்பான் நாட்டு அறிஞர் நொபொரு கராசிமா, மட்சுயி ஆகியோரும் சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதியொன்றை 1978இல் மூன்று பகுதிகளாக வெளியிட்டனர். உடையான் என்ற பெயரைத் தாங்கியோர் தனியுரிமையாக நிலம் கொண்டிருந்தோர் என்பதும், சோழராட்சியின் பிற்பகுதியில் இத்தகையோர் கை ஓங்கிற்று என்பதும் அவ்வாராய்ச்சிகளால் விளங்கின. அரசியற் பணியில் சிறந்த நிலக்கிழாருக்கு அரசன் மூவேந்தவேளான், பல்லவராயன், பிரமராயன் முதலிய பட்டங்களை மேலும் அளித்தான்.

நம் தெய்வச் சேக்கிழாரே இதற்குச் சான்று. சேக்கிழார் என்பது குடிப்பெயர். அப்பெயரினுள்ளே கிழார் இருக்கிறது. இயற்பெயர் அருண்மொழித்தேவர். இரண்டாம் குலோத்துங்கனாகிய அநபாயன் அவருக்கு வழங்கிய பட்டம் உத்தமசோழப் பல்லவராயன். நாட்டின் முதலமைச்சருக்கு அப்பட்டத்தினும் உயர்ந்தது வேறில்லை. ஆயினும் இன்று அவரை உத்தமசோழப் பல்லவராயர் என்று சொல்லித் தொழுவார் யார்? திருத்தொண்டர் புராணம் பாடிய பின் தொண்டர்சீர் பரவுவார் என்ற பெயரே நிலைத்தது. அரசன் கொடுத்த பட்டம் ஏட்டில் நிற்கிறது. தொண்டு கொடுத்த பெயர் நாவில் நிற்கிறது.

பெண்பாலாருக்கும் இப்பட்டம் உண்டு. கண்டராதித்தரின் தேவியாரும் உத்தமசோழனின் தாயாருமாகிய செம்பியன் மாதேவியாரைக் கல்வெட்டுகள் 'உடைய பிராட்டியார்' என்று போற்றுகின்றன. செங்கற்றளிகளைக் கற்றளிகளாக்கிய பெருமாட்டி அவர். பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து, புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்த அருமையும் அவர் காலத்துத் திருப்பணிகளில் காணப்படுகிறது. தாம் உடையவர் என்பதற்காகப் பிறர் கொடுத்ததை மறைக்காமை அது.

இனி அரசர்பால் இப்பட்டம் என்னவாயிற்று என்று காண்போம். இராசராசனும் அவன் மகன் இராசேந்திரனும் உடையார் என்று அழைக்கப்பட்டனர். முதலாம் குலோத்துங்கன் காலமாகிய 1070க்குப் பின்னர்ச் சக்கரவர்த்தி என்றும் திரிபுவனச் சக்கரவர்த்தி என்றும் மேலும் நீண்ட பட்டங்கள் பெருகின. ஆட்சி சுருங்கச் சுருங்கப் பட்டம் நீண்டது என்று சொல்லத் தோன்றும்; வரலாற்றில் இது சோழருக்கு மட்டும் உரிய இயல்பன்று. 14ஆம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தானியரை வென்று பூசை நின்ற கோயில்களைத் திறப்பித்த விசயநகர இளவரசன் தமிழ்க் கல்வெட்டுகளில் வீரகம்பண உடையார் எனப்படுகிறான். மைசூர் அரசர்கள் கன்னட வழக்கில் ஒடெயர் என்ற பட்டத்தைத் தாங்கி, 1399 முதல் என்று மரபு சொல்லும் தம் ஆட்சியை 1950 வரை, இடையே ஐதரலியும் திப்புவும் ஆண்ட காலம் நீங்கலாக, நடத்தினர். யாழ்ப்பாணத்திலோ இச்சொல் மிகவும் இறங்கிவந்து, ஆங்கிலேயர் காலத்தில் மணியகாரருக்குக் கீழும் விதானையாருக்கு மேலும் அமைந்த ஓர் உத்தியோகத்தின் பெயராயிற்று. தமிழகத்தில் சில குடிகளின் பட்டப்பெயராகவும் அது வழங்குகிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, படைத்துறை, கல்வித்துறை சார்ந்தன ஒழிந்த பட்டங்களை அரசு வழங்குவதை விலக்கியது. 1971இல் நிறைவேறிய 26ஆம் திருத்தம் மன்னர்களுக்கு எஞ்சியிருந்த தனிச்சிறப்புகளையும் மானியத்தையும் நீக்கியது. ஒரே நாளில் ஒரு சட்டத்தால் கழன்று விழக்கூடியது பிறிதின்கிழமை என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ!

கோயிலில் மட்டும் இச்சொல் மாறவில்லை. அரசர் வேறு பட்டங்களைத் தேடிப்போன காலத்தும் இறைவன் உடையாராகவே இருந்தான். அண்ணாமலைக் கல்வெட்டுகளில் 'உடையார் திருவண்ணாமலை உடைய நாயனார்' என்று முன்னும் பின்னும் அச்சொல்லே நிற்பதைக் காணலாம். ஞானசம்பந்தர் ஆளுடைய பிள்ளையார். நாவுக்கரசர் ஆளுடைய அரசு. சுந்தரர் ஆளுடைய நம்பி. மணிவாசகர் ஆளுடைய அடிகள். நம்மை ஆளாக உடையவர்கள் என்பது பொருள். ஆன்மார்த்த பூசையில் நாள்தோறும் எழுந்தருளும் சிவலிங்கத் திருமேனியை உடையவர் என்றே சிவபூசை உடையோர் சொல்வர். வைணவர் இராமாநுசரை அப்பெயரால் வழங்குவதும் நாம் அறிந்ததே.

இறைவன் நம்மை உடையான் என்பது எக்கிழமை? ஈண்டுச் சைவசித்தாந்தம் சொல்வது தனிச்சிறப்புடையது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. இறைவன் உயிரைப் படைத்தானில்லை. ஆதலின் குயவன் பானையை உடையவனாவதுபோல் வனைந்து பெற்ற உரிமையன்று அது. விலைகொடுத்து வாங்கிய உரிமையும் அன்று. வென்று கொண்ட உரிமையும் அன்று. தொடக்கமில்லாத காலந்தொட்டு உயிரோடு பிரிப்பின்றி நின்று, அது அறியாதபோதும் அதற்கு உதவிவரும் உரிமை. சித்தாந்தத்தின் அத்துவிதம் என்னும் சொல்லை இலக்கண மொழியில் சொல்வதானால், தற்கிழமைக்கு மிக அணித்தாக நிற்பது அது. இதனை உணர்ந்தமையால்தான் இராசராசன் தனக்குச் சிவபாதசேகரன் என்று பெயர் சூட்டிக்கொண்டான். உலகை உடையான் என்று பிறர் சொல்ல, சிவன் திருவடியைத் தலைமேல் உடையேன் என்று அவன் சொல்லிக்கொண்டான். கோயிலில் பொன் நிறுத்த கல்லுக்கும் நெல் அளந்த மரக்காலுக்கும் தன் பெயரை இடாமல் ஆடவல்லான் என்று கூத்தப்பெருமானின் பெயரையே இட்டான்.

இந்த உரிமையைச் சேக்கிழார் வழக்குமன்றத்தில் வைத்து மெய்ப்பிக்கும் அழகைத் தடுத்தாட்கொண்ட புராணத்தில் காண்கிறோம். புத்தூரில் மணப்பந்தலின் நடுவே முதிய வேதியர் வந்து, இந்நம்பி எனக்கு வழிவழி அடிமை என்கிறார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது எங்கே உண்டு, நீர் பித்தரோ என்று சுந்தரர் நகைக்கிறார். ஓடிச்சென்று ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகிறார். முதியவர் கலங்கவில்லை. கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் உளது என்று திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகிறார். அவையோர் மூலவோலையை வாங்கிப் படிக்கின்றனர். சுந்தரரின் பாட்டனாராகிய ஆரூரர், தாமும் தம் மரபினரும் வழித்தொண்டு செய்ய எழுதிக்கொடுத்த ஓலை அது. அவையோர் உடனே நம்பிவிடவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுப்பித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கி, அதன்பின்னரே நம்பி தோற்றார் என்று தீர்ப்பளிக்கின்றனர். படி, மூலம், சான்றொப்பம், காப்பு, ஒப்புநோக்கல் என்ற இவையனைத்தும் 12ஆம் நூற்றாண்டு ஊரவையின் நடைமுறைகள். நிர்வாகம் அறிந்த அமைச்சர் பாடிய புராணம் என்பது இங்கே தெரிகிறது.

ஆனால் அன்பர்களே, அவர் காலத்தில் ஆளோலை என்பது புராணத்தில் மட்டும் இருந்ததன்று. இதனையும் மறையாது சொல்லவேண்டும். சேக்கிழார் காலத்துக்குச் சில பத்தாண்டுகள் கழித்து, மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், 1201ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று திருப்பாம்புரம் திருக்கோயிலில் உள்ளது. காலம் பொல்லாததாகி, காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது. வேளாளர் ஒருவரும் அவர் மகளிர் இருவரும் உயிர் பிழைக்க வழியின்றித் தம்மைத் தாமே 110 காசுக்கு அக்கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டனர்.

கணக்கிட்டுப் பார்க்கிறோம். காசுக்கு மூன்று நாழியாக 110 காசுக்கு 330 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்ற கணக்கில் அது மூன்றரைக் கலத்துக்கும் சற்றுக் குறைவு. தஞ்சைக் கோயிலில் இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவருக்கு ஆண்டுக்கு ஆளொன்றுக்கு நூறு கலம் நெல் பங்காக வைத்தான் என்பதை இதனோடு சேர்த்து எண்ணுக. இருநூறு ஆண்டுக்குள் காவிரி நாட்டில் மூன்று உயிரின் விலை மூன்றரைக் கலத்தினும் கீழாயிற்று.

பஞ்சத்தில் அவர்களைக் காத்தது கோயிலன்றோ, பட்டினியால் மாளாமல் சோறு கிடைத்ததன்றோ என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கோயிலன்றி வேறெவரும் அன்று அவர்களை ஏற்றிருக்கவும் மாட்டார். ஆயினும் எமக்கு மனம் ஒப்பவில்லை. பசித்து வந்தவருக்குச் சோறிட ஓலை எதற்கு? மகளிர் இருவரையும் அவர் வழியினரையும் கட்டும் எழுத்து எதற்கு? திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டியவன், ஆட்கொண்ட பின் அடிமையைத் தோழன் என்றான். அவன் பொருட்டுத் திருவாரூர் வீதியில் நள்ளிரவில் பரவையார் மனைக்குத் தூது நடந்தான். உடையவன் அடிமைக்காக நடந்த கதை புராணத்தில் இருக்கிறது. திருப்பாம்புரத்துத் தந்தைக்கும் மகளிருக்கும் யார் நடந்தார் என்று கல்வெட்டில் இல்லை. தற்கிழமைக்கு உரிய சொல்லைப் பிறிதின்கிழமைக்கு எடுத்துக்கொண்டதால் நேர்ந்தது இது. பெருமானின் பெயரால் மனிதர் உடையாரானார்கள். அந்த எழுத்தும் நாம் வலம்வரும் இத்தகைய சுவரிலேதான் இருக்கிறது.

பெருமானின் பெயரால் பொருளாள்வதற்கு நம் முன்னோர் ஒரு காப்பு வைத்திருந்தனர். சிவன்கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயராலேயே நிகழ்ந்தன. அவ்வோலைகளுக்குச் சண்டேசுவரப் பெருவிலை என்றே பெயர். திருத்தொண்டின் பொருட்டுத் தந்தையையும் பாராதவருக்குப் பெருமானே தன் கொன்றைமாலையைச் சூட்டி, தொண்டர்க்கெல்லாம் தலைவனாக்கிச் சண்டீச பதம் அளித்தான். பட்டம் என்பது நெற்றியிற் கட்டும் பொற்றகடு. அதனை இறைவன் தன் கையாலேயே கட்டிய இடம் அது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் எடுப்பித்த கோயிலில் அக்காட்சி கல்லில் இருக்கிறது. குனிந்த தலையும் கூப்பிய கையுமாய் இருக்கும் சண்டீசரின் முகத்தில் பட்டம் பெற்ற பெருமிதம் சிறிதும் இல்லை. இன்றும் வலம் முடிக்குமுன் அவர் திருமுன் மெல்லக் கைதட்டி, சிவன் சொத்தில் எதனையும் எடுத்துச் செல்லவில்லை என்று காட்டிச் செல்கிறோம். பிள்ளைகள் இதனைச் செவிட்டுச் சாமியை எழுப்புவதாக எண்ணி உரக்கத் தட்டுகிறார்கள்; அவர்களுக்கு உள்ளபடி சொல்லிக்கொடுப்பது நம் கடன்.

அப்படிக் காட்டாமல் எடுத்துச் சென்றவரும் உண்டு. பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் இடிந்து பாழ்பட்டுக் கிடந்த விசுவநாதசுவாமி கோயிலருகே, 1976இல் மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவர் நடராசர் முதலிய செப்புத் திருமேனிகளைக் கண்டார். நடராசர் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தார். கனடா நாட்டு நிறுவனம் ஒன்று பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. செப்பனிடுவதற்காக இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தபோது, 1982இல் அந்நகரக் காவல்துறையினர் அதனைக் கைப்பற்றினர். வழக்கு எழுந்தது. விலைகொடுத்து வாங்கியவர் தாமே உடையவர் என்றனர். எதிரே இந்திய அரசும் தமிழக அரசும் நின்றன. அவற்றோடு பத்தூர்க் கோயிலும், அங்கே எஞ்சியிருந்த சிவலிங்கப் பெருமானும் வழக்காடிகளாக நிறுத்தப்பட்டனர்.

இந்தியச் சட்டத்தில் தெய்வத் திருமேனி சட்டமுறையில் ஓர் ஆள் என்பதை இலண்டன் பிரிவி கவுன்சில் 1925இலேயே ஒப்புக்கொண்டிருந்தது. ஆயினும் ஆங்கில நாட்டு நீதிமன்றத்தில், ஆங்கிலச் சட்டம் அறியாத ஒருவர், கோயில் இடிந்து பூசை ஓய்ந்த ஒருவர், வந்து உரிமை கோரலாமா? திருவெண்ணெய்நல்லூரில் கேட்ட வினாவேதான். அங்கே ஓலையோடு ஓலையை ஒப்புநோக்கியதுபோல் இங்கே திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் பத்தூரில் அகழ்ந்தெடுத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்புநோக்கினர். கல்வெட்டறிஞர் இரா. நாகசாமி அவர்கள் அங்குச் சென்று சான்றுரைத்தார். 1988இல் தீர்ப்பு கோயிலுக்குச் சார்பாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுப்பித்த பெருமகனின் அறக்கருத்து இன்றும் அழியாது நிற்கிறது, சிவலிங்கத் திருமேனியே அதற்கு வடிவம் என்று நீதிபதி கொண்டார். மேன்முறையீட்டிலும் 1991இல் அதுவே உறுதியாயிற்று.

அப்பெருமகன் தன் காலத்தில் மூவேந்தவேளான் என்ற பட்டம் தாங்கினானோ, பல்லவராயன் என்ற பட்டம் தாங்கினானோ, ஊர்ப்பெயரோடு உடையான் என்றே நின்றானோ, தீர்ப்புக்கு அது வேண்டப்படவில்லை. அவன் கொடுத்தது யாருக்கு என்பதே வேண்டப்பட்டது. அவ்வாண்டிலேயே கூத்தப்பெருமான் தம் நாட்டுக்குத் திரும்ப எழுந்தருளினார்.